நாலாவது கழுதைப்புலியின் பல்

கனடாவிலிருக்கும் மொன்றியலுக்கு நான் பல் பிடுங்கப் போனேன். விமான நிலையத்தில் சுங்க மேசையில் இருந்த அம்மாள் எதற்காக வந்தீர்கள் என்று கேட்டபோதும் இதையேதான் சொன்னேன். பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே அரம், சின்ன உளிகள், அளவு பார்க்கும் காலிப்பர், இரண்டு வேட்டி, என் மனைவி கட்டிக் கொடுத்த பொரிவிளங்காய் உருண்டை.

"நீங்கள் பல் மருத்துவரா?"

"ஏறக்குறைய."

"நோயாளி யார்?"

"கழுதைப்புலி, மேடம். நான் செய்த சிலை. பல் தப்பாகிவிட்டது."

அவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுப் பிரெஞ்சில் என்னவோ சொன்னார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பொரிவிளங்காய் உருண்டையை மட்டும் மோந்து பார்த்துவிட்டு, போகச் சொல்லிவிட்டார்கள்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் புதுச்சேரிப் பக்கம் வில்லியனூரில் ஃபைபர் சிலை செய்கிறவன். எங்கள் பட்டறையில் கோயில் வேலையெல்லாம் அண்ணன் பார்க்கிறார்: வாகனம், தோரணம், துவாரபாலகர். எனக்கு வருவது பூங்காவுக்கு ஒட்டகச்சிவிங்கி, ஓட்டல் வாசலில் கும்பிடுகிற பொம்மை, பள்ளிக்கூடத்துக்கு டைனோசர். இப்படி இருக்கையில், மொன்றியலில் குழந்தைகளுக்கான ஒரு சின்ன அருங்காட்சியகம் கழுதைப்புலிக் குடும்பம் முழுவதையும் நிஜ அளவில் செய்து தரக் கேட்டது. அந்தக் குடும்பத்தில் இன்று உயிரோடு இருப்பது நாலே வகை. புள்ளிக் கழுதைப்புலி, பழுப்புக் கழுதைப்புலி, நம் காடுகளிலும் இருக்கிற வரிக் கழுதைப்புலி, நாலாவதாக ஆர்ட்வுல்ஃப் என்று ஒன்று. தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்களின் பேச்சில் அதற்கு மண் ஓநாய் என்று அர்த்தமாம். நரியைவிடக் கொஞ்சம் பெரிசு, உடம்பில் வரி, முதுகில் பிடரி மயிர். நாலும் வாயைத் திறந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை.

வாய் என்றால் எங்கள் பட்டறையில் ஒரே வாய்தான். அம்மன் கோயில் சிங்கம், ஐயனார் கோயில் நாய், பூங்காப் புலி, எல்லாவற்றுக்கும் அதே தாடை, அதே பல். பெரிசு, நடு, சிறிசு என்று மூன்று அளவில் அச்சு வைத்திருக்கிறோம். பார்த்தவுடன் பயம் வரவேண்டும். வந்தால் சரக்கு போகும். அவர்கள் அனுப்பிய ஆர்ட்வுல்ஃப் படங்களிலெல்லாம் அது வாயை மூடிக்கொண்டிருந்தது. நான் யோசிக்கவே இல்லை. சிறிசு அச்சைப் போட்டு, ஈறுக்குச் சிவப்படித்து, நாலையும் கப்பலேற்றிவிட்டேன்.

பிறகுதான் பதில் வந்தது. மூன்று மிக அருமை, நாலாவது ஆர்ட்வுல்ஃப் அல்ல, வைக்க முடியாது. அதைப் படித்துக் கோபப்பட்டு முடிப்பதற்குள் சிவநேசன் அண்ணனிடமிருந்து போன். யாழ்ப்பாணத்துக்காரர். மொன்றியல் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். சில வருஷம் முன்பு மொன்றியல் கோயிலுக்கு மயில் தோரணம் வாங்க எங்கள் பட்டறைக்கு வந்து சிநேகமானவர். அருங்காட்சியகத்துக்குச் சாமான் இறக்கப் போன இடத்தில் "எங்கடை ஆள் ஒருத்தர் இருக்கிறார்" என்று சொல்லி இந்த ஆர்டரை வாங்கிக் கொடுத்ததே அவர்தான்.

"தம்பி, என்ரை சொல்லை நம்பித்தான் அந்த மியூசியத்து மனிசி உங்களுக்கு வேலை தந்தவ. நான் இனி அவவின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?"

பட்டறையில் என் அண்ணனிடம் சொன்னேன். "மூணு போதும்னு விட்டுட்டு அடுத்த வேலையைப் பாருடா" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவர் செய்த துவாரபாலகரில் ஒருவரைத் திருப்பி அனுப்பியிருந்தால் சும்மா இருப்பாரா? மார்ச் கடைசிச் சனிக்கிழமை அங்கே திறப்பு விழா. அதற்குள் அந்த நாலாவது வாயைச் சரி செய்தால் அது தன் சொந்தக்காரர்களோடு நிற்கும். இல்லையென்றால் பெட்டிக்குள் கிடக்கும், சிவநேசன் அண்ணனின் வாக்கும் அதோடு கிடக்கும். விசா வந்த அன்றே கிளம்பிவிட்டேன்.

மார்ச் கடைசி. சிவநேசன் அண்ணன் விமான நிலைய வாசலில் ஒரு பெரிய கோட்டோடு நின்றார். அதை எனக்கு மாட்டிவிட்டு, "இது குளிரே இல்லைத் தம்பி, எல்லாம் முடியப்போகுது" என்றார். என் மூக்கு அப்போதே இருந்த இடம் தெரியவில்லை. வழியெல்லாம் தெருவோரத்தில் கறுத்துப்போன பனிக் குவியல். தெருப் பலகைகளில் தெருவுக்குப் பிரெஞ்சில் 'ரூ' என்று பார்த்ததும் எனக்குப் புதுச்சேரி ஞாபகம். ஒரே வித்தியாசம், எங்கள் ரூவில் மாடு படுத்திருக்கும், இங்கே ஆரஞ்சு நிறக் கூம்பு நிற்கிறது. சாலை வேலைக்கு வைத்ததாம். எந்த வேலையையும் காணோம், கூம்புகள்தான் வரிசையாக நின்றன.

அவர் வீடு டொலார்-டே-ஓர்மோ என்கிற புறநகரில். ரஜனி அக்கா, அவர் மனைவி, கதவைத் திறந்தார். "வாங்கோ தம்பி. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ, கால் விறைச்சுப் போகும்." அவர் ஒரு கார்தெறியில், அதாவது சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில், வேலை செய்கிறார். அதனாலோ என்னவோ எனக்கும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த்தான் கை கழுவ வைத்தார். இடியப்பமும் சொதியும் சம்பலும். சொதியில் தேங்காய்ப்பால் அப்படி இறங்கியிருந்தது. எத்தனை இடியப்பம் என்று நான் எண்ணவில்லை, அவரும் எண்ணவில்லை, அதுதான் நல்ல வீடு.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் அண்ணன் என்னை மெட்ரோ நிலையத்தில் இறக்கிவிட்டார். "பச்சை லைன். டவுன்டவுன் பக்கம் போறதிலை ஏறுங்கோ." ஏறினேன். சூடாக இருந்தது, உட்கார இடம் கிடைத்தது, கண்ணை மூடினேன். விழித்தபோது வண்டி கடைசி நிலையத்தில் நின்று எல்லாரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். எதிர்த் திசை! பக்கத்திலிருந்த கிழவி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "நீங்க எறங்கவே வேணாம். இதே வண்டி திரும்பிப் போகும், உட்கார்ந்திருங்க" என்று கையாலேயே சொன்னார். உட்கார்ந்திருந்தேன். வண்டி சாவகாசமாகப் பணிமனைக்குள் போகப் பார்த்தது. ஒரு ஊழியர் ஓடிவந்து என்னை இறக்கிவிட்டு, தலையிலடித்துக்கொள்ளாத குறையாக எதிர்ப் பக்கத்து நடைமேடையைக் காட்டினார்.

அருங்காட்சியகத்துப் பொறுப்பாளர் பெயர் ஜெனவியேவ். ஐம்பது வயது இருக்கும், கட்டை முடி, முழங்கால்வரை பூட்ஸ், நின்று பேசத் தெரியாதவர். "பாண்டிச்சேரியா? அப்படியானால் பிரெஞ்சு பேசுவீர்கள்!" என்று ஆரம்பித்துப் படபடவென்று கொட்டினார். எனக்குத் தெரிந்தது வணக்கத்துக்குப் போன்ஷூர், நன்றிக்கு மெர்சி, அப்புறம் எங்கள் ஊர்த் தெருப் பெயர்கள். மூன்றையும் வரிசையாகச் சொன்னேன். சிரித்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாறினார்.

என் நாலு பேரும் பின்கட்டில் நின்றார்கள். மூன்று பேருக்கு அட்டை மாட்டியாகிவிட்டது. நாலாமவன் மேல் ஒரு போர்வை. அது எனக்குப் பொறுக்கவில்லை.

"போர்வை எதுக்கு?"

"பார்க்க வருகிறவர்கள் தப்பாகப் புரிந்துகொள்வார்கள்" என்றார், மிக மரியாதையாக.

பிறகு மேசைமேல் இரண்டு மண்டையோட்டை வைத்தார். நகல்கள்தான், ஆனால் எலும்பின் மயிர்க்கோடுவரை இருந்தது. ஒன்று வரிக் கழுதைப்புலி. அதன் கடவாய்ப் பல் ஒவ்வொன்றும் அம்மிக் குழவியின் முனை மாதிரி. மாட்டுத் தொடை எலும்பை நாம் முறுக்கைக் கடிப்பதுபோலக் கடிக்குமாம். மற்றது ஆர்ட்வுல்ஃப். வாயைத் திறந்து காட்டினார். முன்னால் கோரைப்பல் ஒழுங்காகத்தான் இருந்தது. அது சண்டைக்கு என்றார். உள்ளே கடவாய் இருக்க வேண்டிய இடத்தில் அரிசிக் குருணை மாதிரி நாலைந்து முளை, அதுவும் இடம் விட்டு இடம். அடப்பாவி, இதை வைத்துக்கொண்டு ஒரு முறுக்கைக்கூடக் கடிக்க முடியாதே!

"கடிக்கவே தேவையில்லை" என்றார். "இது கரையான் தின்னும்."

நம் ஊரில் கரையான் புற்றுக்குப் பால் ஊற்றிக் கும்பிடுவோம் என்று சொன்னேன். இது புற்றைத் தொடுவதில்லையாம். ராத்திரியில் கரையான் கூட்டம் புல் அறுக்க வெளியே வரும்போது, காதால் சத்தம் பிடித்துப் போய், அகலமான பசை நாக்கால் தரையோடு நக்கி எடுக்குமாம். ஒரே ராத்திரியில் லட்சக்கணக்கில். காவல்காரக் கரையான்கள் ஒருவிதக் காரமான திரவத்தைப் பீச்சி அடிக்குமாம். சரி போதும் என்று அடுத்த கூட்டத்துக்கு நகர்ந்துவிடுமாம். அதனால் அந்தக் கரையான் வீடு அழிவதில்லை. பெட்டை இரைக்குப் போனால் ஆண் வளையில் உட்கார்ந்து குட்டிகளுக்குக் காவல் இருக்குமாம். எனக்கு அந்த ஆணை உடனே பிடித்துவிட்டது.

"நாய் ஜாதியா மேடம்?"

"பார்த்தால் நாய். உள்ளே பூனைக்கும் கீரிக்கும்தான் உறவு. கழுதைப்புலிகள் எல்லாமே அப்படி." மூன்றும் ஒரு கொத்து என்றும், இது மிக முன்பே பிரிந்துபோன கிளை என்றும் விரலால் மேசையில் கோடு போட்டுக் காட்டினார். முன்னங்காலில் அவற்றுக்கு நாலு விரல், இதற்கு மட்டும் ஐந்து. பல்லைப் பார்த்து, கழுதைப்புலியே அல்ல என்று ஒரு காலத்தில் குடும்பத்தை விட்டே தனியாகத் தள்ளி எழுதி வைத்திருந்தார்களாம். அப்புறம்தான் சேர்த்துக்கொண்டார்களாம்.

நான் போர்வையைப் பார்த்தேன். நானும் வெட்கமில்லாமல் அதற்கு அண்ணன்மார் பல்லை மாட்டி அனுப்பியிருக்கிறேன்.

ஜெனவியேவ் நல்ல மனுஷி. "நீங்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். ஒரு சுலபமான வழி இருக்கிறது. வாயை மூடிவிடுங்கள். பல் தெரியாது, பிரச்சினை இல்லை. ஒரு மணி நேர வேலை" என்றார்.

எனக்கு அங்கேதான் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, என் மேலாகத்தான் இருக்கும். "மூடினா இது யாருன்னு எப்படி மேடம் தெரியும்? இதோட கதையே வாய்க்குள்ளதான இருக்கு. தொறந்துதான் வைப்பேன்."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை நேரம். பல்லும் நாக்கும் விரலும் சரியாக இருந்தால் வைப்பேன். இல்லாவிட்டால் அந்த இடத்தில் ஒரு செடித் தொட்டி." கை கொடுத்தார். கொடுத்தேன்.

அன்று முழுக்கப் பின்கட்டிலேயே உட்கார்ந்து மண்டையோட்டை அளந்து களிமண்ணில் தாடை பிடித்தேன். மதியம் அவர் பூட்டின் வாங்கித் தந்தார். மொறுமொறுவென்று பொரித்த உருளைக்கிழங்கின் மேல் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு, கொதிக்கக் கொதிக்கக் குழம்பை ஊற்றிவிடுகிறார்கள். இப்படி நனைக்கப் போகிறவர்கள் எதற்காக மெனக்கெட்டு மொறுமொறுவென்று பொரித்தார்கள்? கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. என்ன குழம்பு என்று கேட்காமல் தட்டைக் காலி செய்தேன்.

சாயங்காலம் சிவநேசன் அண்ணன் பிக்கப் வண்டி கொண்டுவந்தார். ஆர்ட்வுல்ஃப்பைப் பின்னால் நிற்க வைத்துக் கட்டினோம். நெரிசலில் பக்கத்துக் கார்க்காரர்கள் கண்ணாடியை இறக்கிப் படம் எடுத்தார்கள். வீட்டு வாசலில் இறக்கும்போது, பனி ஒதுக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் மண்வெட்டியை ஊன்றி நின்று கேட்டார்: "நல்ல நாய். என்ன இனம்?"

"நாயில்லை, பூனைக்குச் சொந்தம்" என்றார் சிவநேசன் அண்ணன் ஆங்கிலத்தில்.

பெரியவர் அதன் வாலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "உங்கள் மனைவிக்குத் தெரியுமா?" என்றார்.

புதன்கிழமை காலை கராஜில் கிரைண்டரைப் போட்டு அந்தப் பழைய தாடையை அறுத்தெடுத்தேன். ஒரே அறுப்பில் எங்கள் பட்டறைச் சிங்கமும் புலியும் ஐயனார் நாயும் தரையில் விழுந்த மாதிரி இருந்தது. மனசுக்கு லேசாகவும் இருந்தது. படகு ரிப்பேர்ச் சாமான் விற்கிற கடையில் ரெசின் பிசினும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும் ஃபைபர் மேட்டும் வாங்கினோம். களிமண் தாடையிலிருந்து எடுத்த அச்சில் மெழுகு தடவி, ரெசினைக் கலக்கி, மேட்டை வைத்து ஊற்றினேன். வில்லியனூரில் இந்தக் கலவை ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் கல்லாகிவிடும். வெயில் காலத்தில் டீ சொல்லி முடிப்பதற்குள்.

டீ குடித்தேன். தொட்டுப் பார்த்தேன். அதிரசப் பாகு. இன்னொரு டீ. அதே பாகு. மத்தியானம் சாப்பிட்டு வந்தேன், பாகு பதம் மாறவில்லை. கராஜுக்குள் மூச்சு விட்டால் புகை வந்தது. இந்தக் குளிரில் ரெசின் எங்கே இறுகும்?

எனக்குப் பொறுமை போய்விட்டது. ஹார்டனரை அள்ளி ஊற்றி இன்னொன்று போட்டேன். முன்னால் காற்று ஹீட்டரை வைத்தேன். ஹீட்டர் பக்கம் புகைந்து பழுப்பாகி டப்பென்று வெடித்தது. மறுபக்கம் பாகாகவே இருந்தது. குருணைப் பல்லில் பாதி அச்சோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. தூக்கித் தரையில் அடித்தேன். சத்தம் கேட்டு ரஜனி அக்கா வந்துவிட்டார்.

"என்ன தம்பி, வீடு முழுக்க மணக்குது! எனக்குத் தலை சுத்துது. இன்னும் எவ்வளவு நேரம்?"

"தெரியலைக்கா. காய மாட்டேங்குது."

சிவநேசன் அண்ணன் படியில் உட்கார்ந்திருந்தார். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நின்றவர். "வாயை மூடிவிட்டாலும் பரவாயில்லைத் தம்பி" என்று மெதுவாகச் சொன்னார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லை, சும்மா சொன்னனான்" என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்கு வலித்தது. துறைமுகத்தில் முப்பது டன் பெட்டியைத் திருப்பி நிறுத்துகிற மனுஷன், ஜெனவியேவ் முகத்தை நினைத்து இப்படி ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார்.

வியாழக்கிழமை காலை மூன்றாவது முறையாக அச்சில் மெழுகு தடவிக்கொண்டிருந்தேன். ரஜனி அக்கா வேலைக்குக் கிளம்பியவர் கராஜ் கதவில் நின்று பாகைப் பார்த்தார். விரலால் தொடப் போனார், நான் தடுத்தேன்.

"சூடு காணாதெண்டுதானே இறுகேல்லை?"

"ஆமாக்கா. ஆனா ஹீட்டர் வெச்சா ஒரு பக்கம் வெடிக்குது. நாலா பக்கமும் ஒரே மாதிரி வெதுவெதுப்பு வேணும். நம்ம ஊரு மாதிரி."

"உதுக்கே ரெண்டு நாளா மண்டையைப் போட்டு உடைக்கிறியள்? இஞ்சை தோசைக்கு மா புளிக்கிறதே இல்லை. நான் வந்த முதல் வருசம் அழுதே போட்டன். பேந்து ஒரு அக்கா சொல்லித் தந்தவ: ஓவனை ஓன் பண்ணக் கூடாது, உள்ளுக்கை லைற்றை மட்டும் போட்டிட்டு மாவை வைச்சுக் கதவைச் சாத்து எண்டு. விடிய எழும்பினா மா பொங்கி வழியும். எல்லாத் தமிழ் வீட்டிலையும் உப்பிடித்தான்."

நான் மெழுகுத் துணியைக் கீழே போட்டேன். அவரைக் கும்பிடலாமா என்று தோன்றியது.

"ஆனா என்ரை ஓவனுக்குள்ளை உந்த நாத்தத்தை வைக்க விடமாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்."

வேண்டாம், பெட்டி போதும். பிரிட்ஜ் வந்த பெரிய அட்டைப் பெட்டி கராஜ் மூலையில் இருந்தது. உள்ளே சமையலறை அலுமினியத் தாளை ஒட்டினோம். மேலே பழைய கம்பளி. பல்ப்தான் இல்லை. வீட்டில் இருப்பதெல்லாம் எல்.இ.டி.; வெளிச்சம் தரும், சூடு தராது. சிவநேசன் அண்ணன் முனைக்கடைக்கு, அங்கே தெப்பனோர் என்கிறார்கள், ஓடினார். எல்.இ.டி. இன்னொரு கடை. அங்கும் அதேதான். பழைய குண்டு பல்ப் கேட்டால் அருங்காட்சியகத்துக்குப் போகச் சொன்னானாம் கடைக்காரன். எங்கள் அவசரம் தெரியாமல் வேடிக்கை வேறு!

ரஜனி அக்கா கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். ஓவனுக்குள் தலையை விட்டு, துணி சுற்றி, பல்பைத் திருகி எடுத்துக்கொண்டு வந்தார். குட்டி குண்டு பல்ப். "நாளைக்குத் தோசை இல்லை. பாண்தான் சாப்பாடு" என்று, அதாவது வெறும் ரொட்டி என்று, அறிவித்துவிட்டு, தாமதமாகிவிட்டதென்று ஓடினார்.

மேசை விளக்கில் அந்த பல்பை மாட்டி, அச்சிலிருந்து தள்ளிப் பெட்டிக்குள் வைத்தோம். கராஜ் கதவைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக் காற்று வரவிட்டோம். புதிதாக ரெசின் கலக்கினேன், இந்த முறை ஹார்டனர் வில்லியனூர் அளவு. ஊற்றி மூடிவிட்டு இருவரும் படியில் உட்கார்ந்தோம். அவர் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார், நான் பொரிவிளங்காய் உருண்டையை உடைத்துக் கொடுத்தேன். அதைக் கடிக்க இருவரும் பட்ட பாட்டில், கரையான் தின்னியின் நிலைமை எங்களுக்கு நன்றாகப் புரிந்தது.

கம்பளியைத் தூக்கிப் பார்க்க மூன்று தடவை எழுந்தேன். மூன்று தடவையும் அண்ணன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். "மாவை அடிக்கடி திறந்து பாத்தா ரஜனி ஏசும்."

கடைசியில் திறந்தோம். உள்ளே நம்ம ஊர் சித்திரை மாதம். நகத்தால் தட்டினேன். டக்! இன்னொரு இடத்தில் தட்டினேன். டக்! குருணைப் பல் ஒவ்வொன்றும் தனித்தனியாக, இடம் விட்டு, அச்சிலிருந்து பூப்போல வந்தது. "வந்துருச்சுண்ணே!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஜன்னலைத் திறந்தார். "பூனை குட்டி போட்டுவிட்டதா?" என்று கேட்டாராம், அண்ணன்தான் எனக்குச் சொன்னார்.

அதன்பின் எல்லாம் ஓட்டம். முன்னங்கால்களில் உள்பக்கமாக, கொஞ்சம் மேலே, அந்த ஐந்தாவது விரல். அதுவும் தோசைப் பெட்டிக்குள்ளேயே இறுகியது. அகல நாக்கை வாய்க்குப் பொருத்தி இளஞ்சிவப்பு அடித்தேன். பற்களைச் சுற்றி ஈறு. வெள்ளிக்கிழமை காலை பாணும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு, மறுபடி பிக்கப்பில் கட்டி, கூம்புகளுக்கு நடுவே ஊர்ந்து ஊர்ந்து டவுன்டவுன் போனோம். ஜெனவியேவ் தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். வாய்க்குள் டார்ச் அடித்தார். மண்டையோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கால் விரலைத் தடவினார். சிவநேசன் அண்ணன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் போடுவதும் எடுப்பதுமாக இருந்தார்.

எழுந்து, என்னிடம் வராமல் நேரே அவரிடம் போனார் ஜெனவியேவ். "உங்கள் ஆள் நல்ல ஆள்" என்றார். அண்ணன் என்னவோ சொல்ல வந்து, "மெர்சி" மட்டும் சொன்னார்.

ஆனால் ஒன்று எனக்கு உறுத்தியது. மூன்று பேரும் கூடத்தின் நடுவில் கயிற்று வேலிக்குள் நிற்க, இவனை வாசலோரச் சுவரை ஒட்டி வைத்தார்கள். பிரிந்துபோன கிளை, அதனால் இடைவெளி வேண்டும் என்றார் ஜெனவியேவ். அவர் சொல்வது சரிதான். உள்ளே வந்ததே பெரிசு.

சனிக்கிழமை. ரஜனி அக்கா தன் கார்தெறிப் பிள்ளைகளைச் சாரைசாரையாக ஒரே கயிற்றைப் பிடிக்க வைத்துக் கூட்டிவந்தார். உள்ளே வந்ததும் கயிறு போன இடம் தெரியவில்லை. புள்ளிக் கழுதைப்புலியின் பல்லைப் பார்த்து ஆனந்தமாக அலறினார்கள். எனக்குப் பெருமைதான். லேயா என்று ஒரு சின்னப் பெண் மட்டும் நிஜமாகவே பயந்து, ரஜனி அக்காவின் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள். வெளியே கூட்டிப்போக வாசல் பக்கம் திரும்பினார்கள். அங்கே இவன் நின்றான்.

அவள் ஒரு கண்ணால் பார்த்தாள். அப்புறம் இரண்டு கண்ணாலும். குனிந்து வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். சட்டென்று கையை முழங்கைவரை உள்ளே விட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது, இரண்டு நாள் முன்பு இறுகிய பல்! அவள் ஒவ்வொரு முளையாகத் தடவினாள். ஒன்றும் அசையவில்லை. சிரித்தாள். பிறகு நடுவில் நின்ற மூன்று பேரையும் காட்டி என்னவோ கேட்டாள்.

"அவை இவனுக்கு என்ன முறை எண்டு கேக்கிறாள்" என்றார் ரஜனி அக்கா.

"அவங்க மூணு பேரும் கூடப்பிறந்தவங்க. இவன் சித்தப்பா மகன். தம்பின்னு சொல்லுங்கக்கா."

அவர் பிரெஞ்சில் சொன்னார். பின்னால் நின்ற ஜெனவியேவ் "தம்பி இல்லை, தூரத்து ஒன்றுவிட்ட சகோதரன்" என்று திருத்தினார். ரஜனி அக்கா விடவில்லை. "எங்கடை ஆக்களுக்குச் சித்தப்பா மகனும் தம்பிதான்" என்று எனக்குத் தமிழிலும் அவருக்குப் பிரெஞ்சிலும் சொல்லிவிட்டார்.

லேயா கையை வெளியே எடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரஜனி அக்காவை இழுத்துக்கொண்டு நேரே புள்ளிக் கழுதைப்புலியிடம் போனாள். கயிற்றுக்குக் கீழே நுழைந்து, அந்தப் பயங்கரமான பல்லுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, விரலை நீட்டித் திட்டினாள்.

"என்னக்கா சொல்றா?"

ரஜனி அக்கா என் பக்கம் திரும்பினார். "உன்ரை தம்பி அங்கை கதவடியிலை தனிய நிக்கிறான், ஏன் கூப்பிடேல்லை எண்டு கேக்கிறாள்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது; மறைக்கவும் முயலவில்லை. ஜெனவியேவ் சுவரோரம் நின்றவனையும் நடுவில் நின்றவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போய்க் கயிற்று வேலியைத் தன் கையாலேயே அவிழ்த்தார். சிவநேசன் அண்ணன் முன்பக்கம் பிடித்தார், நான் பின்பக்கம். தூக்கிக்கொண்டு போனோம்.